ஏற்றத்தில் இறங்கியவர்

விதி ஏழு, உட்பிரிவு இரண்டு: ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து உச்சிவரை, சைக்கிளை மிதிப்பவரின் கால் தரையில் படக்கூடாது. உட்பிரிவு மூன்று: ஆடு, மாடு, மான் அல்லது மிதிப்பவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறு ஏதேனும் தடை பாதையை மறித்தால், அதற்காகக் கால் ஊன்றுவது குற்றமாகாது, தடை நீங்கியதும் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

இவை ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு சைக்கிள் கழகத்தின் விதிகள். அவர்கள் குறிக்கும் மூன்று மலைப் பாதைகளை ஒரே பயணத்தில் ஏறி முடித்தால் சான்றிதழும் சட்டையில் குத்த ஒரு சின்னமும் தருவார்கள். நான் லண்டனில் ஒரு கவுன்சிலில், வாகனம் நிறுத்தியதற்கு விதித்த தண்டங்களை எதிர்த்து வரும் மேன்முறையீடுகளை வாசித்து வாசித்தே ஓய்வுக்கு வந்தவன். விதிகளைப் பற்றி எனக்கு ஒரு ரசனை உண்டு. “அல்லது வேறு ஏதேனும் தடை” என்று எழுதியவர் யாரோ, அவர் எனக்குப் பிடித்தமானவர். தான் நினைத்துப் பார்க்காத சிலதும் உலகத்தில் நடுரோட்டில் நிற்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும் பணிவு எல்லா அதிகாரிகளுக்கும் வாய்ப்பதில்லை. எங்கள் விஷயத்தில் பொருந்தியிருக்க வேண்டியது அந்த உட்பிரிவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மலை என்று முடியும் பெயருடைய ஊர் ஒன்று இருக்கிறது; போய்ப் பார்த்தால் அங்கே கடல் இருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஏற்றம் எதிர்க்காற்று ஒன்றுதான். மதகு வந்தால் சீற்றை விட்டு எழும்பி மிதிப்போம்; அதற்குமேல் உயரத்தோடு எங்களுக்குச் சகவாசம் இல்லை. ஆகவே லண்டனுக்கு வந்து ஐம்பது வயதைத் தாண்டியதும் எங்கள் ஆட்கள் மலை ஏற்றங்களில் நிபுணர்கள் ஆனதில் வியப்பில்லை. தெரியாத விஷயத்தில்தான் அபிப்பிராயத்துக்கு இடம் அதிகம்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு சைக்கிள் உபகுழு இருந்தது. மாதம் ஒருமுறை தெற்கு லண்டனில், சட்டன் பக்கம் ஒரு மண்டபத்தில் கூடும். கூட்டத்தில் மட்டன் ரோல்ஸ் உண்டு, தேநீர் உண்டு, சைக்கிள் மட்டும் இல்லை. ஸ்கொட்லாந்தின் ஏற்றங்களில் எது கடினம் என்பதே நிரந்தர நிகழ்ச்சிநிரல். கணக்காளர் ஒருவர் சராசரிச் சாய்வு என்பார். அது ஏமாற்று, உச்சச் சாய்வுதான் உண்மை என்பார் ஒரு பல்வைத்தியர். காற்றைச் சேர்க்காமல் என்ன ஒப்பீடு என்று மூன்றாமவர் ஒருவர் ரோல்ஸ் கடித்தபடி கேட்பார். மூவரும் இங்கிலாந்தின் வட எல்லையைத் தாண்டியதில்லை. கணக்காளர் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் புள்ளி போட்டு ஒரு அட்டவணை வைத்திருந்தார். அதில் ஒரு மலை இரண்டு புள்ளியால் கீழிறங்கிய மாதம் இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதின் முற்பாதியில் உபகுழு கூடவில்லை. அந்த மாதங்களில் நாங்கள் எல்லாரும் பாராளுமன்றத்துக்கு எதிரே இருந்த சதுக்கத்தில் நின்றோம். வேலைக்குப் போய்விட்டு வந்து நின்றவர்கள், லீவு போட்டு நின்றவர்கள், மழைக்குள் நின்றவர்கள். மே மாதம் ஊரில் போர் முடிந்த பிறகு அங்கே நின்றும் பயனில்லை என்று ஆனது.  ஜூலையில் மறுபடி கூடியபோது, மண்டபத்தில் கொஞ்சநேரம் கோப்பைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கணக்காளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லெக்ட் என்ற ஏற்றத்தின் முதல் பகுதியைத் தாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். எல்லாரும் ஒரேயடியாக அவர்மேல் பாய்ந்தார்கள். அத்தனை ஆறுதலாக ஒரு சண்டையை நான் கண்டதில்லை.

அந்தக் கூட்டத்தில் பேசாமல் இருந்தவர் என் மச்சான் ஒருவர்தான். என் தங்கையின் கணவர். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து குட்மேய்ஸில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். உபகுழுவில் உண்மையிலேயே சைக்கிள் ஓடும் ஒரே ஆள் என்பதால் அவருடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. அனுபவம் ஒப்பீட்டில் பக்கச்சார்பை உண்டாக்கும் என்று பல்வைத்தியர் சொல்வார்.

முந்தின ஆண்டு மச்சானுக்கு மாரடைப்பு வந்தது. வந்த விதத்தைச் சொன்னால் ஆள் யார் என்று தெரியும். கடைக்கு வந்த அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சு இறுகியது. மிச்ச மூட்டைகளையும் இறக்கினார். கறிவேப்பிலை கேட்டு வந்த ஒரு அம்மாவுக்கு நல்லதாகப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தார். அதன் பிறகுதான் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். சைக்கிள் ஓடலாம், நெஞ்சு இறுகினால் உடனே இறங்கிவிட வேண்டும் என்றார் டொக்டர். தங்கைக்கு முதற்பாதியில் நம்பிக்கை இருந்தது. இரண்டாம் பாதியில் துளியும் இல்லை. இந்த மனிசன் ஒன்றைத் தொடங்கினால் இடையில் இறங்கமாட்டார் என்பதை அவள் முப்பது வருடமாக அறிந்தவள்.

சைக்கிளை விற்கச் சொன்னாள். அவர் மறுத்தார். வீட்டில் மூன்று வாரம் தொலைக்காட்சி மட்டும் பேசியது. கடைசியில் மத்தியஸ்தத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஸ்கொட்லாந்திலை ஒரு கிளப் சேர்டிபிக்கற் குடுக்குதாமே, இவர்தான் சொல்லித் திரியிறவர். அது வந்தால் ஓடட்டும். வராட்டி சைக்கிள் போகட்டும், ஞாயிற்றுக்கிழமையிலை என்னோடை பார்க்கிலை நடக்கட்டும். அண்ணை, நீங்கள் சாட்சி.”

அவள் முட்டாள் அல்ல. கழகத்தின் விண்ணப்பத்தோடு வைத்தியரின் கடிதமும் வேண்டும் என்பதை வாசித்துவிட்டுத்தான் அந்த நிபந்தனையைப் போட்டாள். ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு எந்த டொக்டர் கடிதம் கொடுப்பார்? அவளுடைய கெட்ட காலம், அந்த டொக்டரே சைக்கிள் பைத்தியம். கடிதம் கொடுத்தார். கடிதத்தின் பாதி, லெக்ட் ஏற்றத்தில் எந்தக் கியரில் தொடங்க வேண்டும் என்பதைப் பற்றியது.

பார்க்கில் நடப்பது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். தங்கையின் கோயில் கூட்டாளிகள் ஐந்து பேர், சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்துப் போட்டு, ஞாயிறு காலையில் முழங்கால்களைப் பற்றிப் பேசிக்கொண்டு நடப்பார்கள். மச்சானுக்கு அது ஆயுள் தண்டனை. அவர் அதைச் சொல்லவில்லை. இல்ஃபோர்டில் பல மாடிக் கார்த் தரிப்பிடம் ஒன்றின் சாய்பாதையில் அதிகாலையில் ஏறிப் பழகத் தொடங்கினார். காவலாளி நிறுத்தியதும் என் வீட்டுக்கு வந்து, பக்கத்துச் சரே மலைகளில் ஏறினார். நெஞ்சைப் பற்றிக் கேட்டால், “அது கிடக்கு” என்பார்.

விதி ஒன்பது சாட்சியைப் பற்றியது. உச்சியில் ஒரு சாட்சி நிற்க வேண்டும். அவர் மிதிப்பவரின் உறவினராக இருக்கக்கூடாது. இதை எழுதியவர் யாழ்ப்பாணத்தாரை அறியாதவர். உபகுழுவில் ஆராய்ந்து பார்த்தோம். கணக்காளர் மச்சானின் ஒன்றுவிட்ட தமையன். பல்வைத்தியர் பெண்வழிச் சித்தப்பா. மூன்றாமவர் உறவில்லை என்று சந்தோஷப்பட்டு முடிவதற்குள், அவருடைய மருமகள் எங்கள் பெரியம்மாவின் பேத்தி என்று தங்கை கண்டுபிடித்தாள். கடைசியில் உறவும் இல்லாமல், நேரமும் இருந்து, பொய்யும் சொல்லாத ஒருவர்தான் மிஞ்சினார்: கோலியர்ஸ் வுட்டில் மகளோடு இருக்கும் எங்கள் பழைய கணித மாஸ்டர். எண்பத்துநான்கு வயது. எனக்கும் படிப்பித்தவர், எட்டு வகுப்புக் கழித்து மச்சானுக்கும் படிப்பித்தவர். கேட்டதும் சம்மதித்தார். ஸ்கொட்லாந்தின் சாய்வுகளைப் பற்றி உபகுழு சொல்வது எல்லாம் திரிகோண கணிதத்துக்கு விரோதம் என்று அவருக்கு நீண்டகாலச் சந்தேகம் இருந்தது.

ஓகஸ்ட் கடைசியில் புறப்பட்டோம். கடைக்குச் சாமான் ஏற்றும் வான் வண்டியில் பின்பக்கம் சைக்கிள், அதன் பக்கத்தில் தங்கை கட்டித் தந்த இடியப்பப் பெட்டி, முன்பக்கம் நாங்கள் மூவர். மாஸ்டர் நடுவில் இருந்தார். அவர் பக்கத்தில் இருந்தவரை மச்சான் முதுகைச் சாய்க்கவே இல்லை. ஐம்பத்தெட்டு வயது மனிசன், லண்டனிலிருந்து ஸ்கொட்லாந்தின் பெர்த் வரைக்கும் வகுப்பில் முன்வாங்கில் இருப்பவர் மாதிரி வந்தார்.

இனி ஒப்பீடு. நான் மூன்று ஏற்றங்களையும் வானில் இரண்டாவது கியரில் ஏறியவன். உபகுழுவின் அளவுகோலின்படி எனக்கு வேண்டியதற்கும் மேலான தகுதி உண்டு.

முதலாவது கெயார்ன்வெல். பிரித்தானியாவின் பெரிய வீதிகளில் உயரமானது அது. தெற்கிலிருந்து போனால் பள்ளத்தாக்கு நீளத்துக்கும் பாதை மெல்ல மெல்ல உயரும். உயர்கிறது என்பதே தெரியாது. கடைசியில்தான் நிமிரும். நல்ல முறையில் நடக்கும் ஓர் அலுவலகம் மாதிரி: வரவேற்பில் சிரிப்பார்கள், நாற்காலி தருவார்கள், நீங்கள் வந்த காரியம் நடக்காது என்பதைக் கடைசி மேசையில்தான் சொல்வார்கள். மச்சான் ஒரே தாளத்தில் மிதித்து ஏறினார். உச்சியில் பனிச்சறுக்குக்காரரின் தேநீர்க்கடை இருந்தது. மாஸ்டர் அதன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்து, சாட்சித்தாளில் கையெழுத்திட்டார். கால் ஊன்றியது: இல்லை.

இரண்டாவது லெக்ட். இது வேறு சாதி. ஒரு பாலத்தைத் தாண்டியதும் எந்த முன்னறிவித்தலும் இல்லாமல் பாதை சுவர் மாதிரி எழும்புகிறது. விண்ணப்பத்தைக் கையில் வாங்கும் முன்னமே நிராகரிக்கும் குமாஸ்தாக்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவர்மேல் தார் போட்டால் அது லெக்ட். அந்த முதற்பகுதியில் மச்சானின் முன்சில்லு மேலே கிளம்பப் பார்த்தது. நெஞ்சை ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவில் நின்றுவிடுவார் போல ஏறினார். நான் வானில் பின்னால் ஊர்ந்தேன். என் கை ஹோர்னில் இருந்தது. எதற்கு என்று தெரியாது. பாதை கொஞ்சம் மட்டப்பட்ட இடத்தில் அவர் கையை உயர்த்தி என்னை முன்னே போகச் சொன்னார். உச்சியில் முகம் சாம்பலாக இருந்தது. நெஞ்சு எப்படி என்று கேட்டேன். “அது கிடக்கு” என்றார். அன்று இரவு தங்கையோடு தொலைபேசியில் வெயிலைப் பற்றி மட்டும் பேசினோம்.

மூன்றாவது மேற்குக் கரையில் உள்ள பெலக் நா பா. மாட்டுப் பாதை என்று பொருளாம். மாடுகள் கெட்டிக்காரப் பிராணிகள், இப்போது அவை அந்தப் பக்கம் போவதில்லை. கடல் மட்டத்தில் தொடங்கி மேகத்துக்குள் முடிகிறது. அடிவாரத்தில் பெரிய அறிவித்தல் பலகை ஒன்று: வாகனம் ஓட்டப் பழகுபவர்களுக்கும், பெரிய வாகனங்களுக்கும், கரவான்களுக்கும் இந்தப் பாதை உகந்ததல்ல. இருதய நோயாளிகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் இரண்டு தரம் வாசித்தேன்.

கடினம் எதில் என்றால், கெயார்ன்வெல்லின் நீளத்தையும் லெக்டின் கொடூரத்தையும் ஒரே கோப்பில் போட்டிருக்கிறார்கள். முதலில் மலைச்சரிவை ஒட்டி முடிவில்லாத ஒரு நேர்ப்பாதை. கால்களில் உள்ளதெல்லாம் அங்கே கரைந்துவிடும். அதன் பிறகு, கொடுக்க எதுவும் மிஞ்சாத நேரத்தில், கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மேன்முறையீட்டை எல்லாப் படிகளிலும் தோற்றவருக்கு மட்டுமே அந்த உணர்ச்சி விளங்கும்.

நானும் மாஸ்டரும் வானில் முன்னே போய் உச்சியில் நின்றோம். கடலும் தீவுகளும் தெரிந்தன. காற்று ஆளைத் தூக்கியது. கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். கீழே வளைவுப் பக்கம் காற்றுக் குறைவு, சாய்வையும் ஒருக்கால் பார்த்துவிடலாம் என்றார். சாட்சி உச்சியில் நிற்க வேண்டும் என்று விதி ஒன்பதைச் சொன்னேன். உச்சி என்பது புள்ளியா, பிரதேசமா என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் போய்விட்டார். அவரைத் திருப்பிக் கூட்டிவரப் போனபடியால்தான் நடந்ததை மேலிருந்து கண்ணால் கண்டேன்.

மாஸ்டர் கடைசி வளைவின் உட்பக்கத்தில், முழங்கால்வரை ஓவர்கோட், கழுத்தில் மஃப்ளர், காதுவரை குரங்குத் தொப்பி, கையில் குடையோடு, வீதியோரத்தில் நின்று சாய்வைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். கீழிருந்து மச்சான் வந்தார். தலை குனிந்திருந்தது. உடம்பு முழுவதும் இடமும் வலமும் ஆடியது. வளைவில் திரும்பித் தலையை நிமிர்த்தினார். எதிரில் மாஸ்டர்.

பிரேக்கைப் பிடித்தார். இறங்கினார். சைக்கிளை இடப்பக்கம் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, ஓரமாக நின்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் வீதியில் வாத்தியாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவோம். அவர் கடந்து போகும்வரை நிற்போம். யாரும் எழுதிவைத்த விதியல்ல. எழுதிவைக்காதபடியால்தான் எல்லாரும் கைக்கொண்டார்கள். அதை மச்சானின் மூளை செய்யவில்லை. மூளைக்கு அந்த நேரத்தில் இரத்தம் போயிருக்காது. அவருடைய கைகள் செய்தன. இத்தனைக்கும் அவர் தொடையோடு ஒட்டிய அந்தக் கறுப்புக் காற்சட்டையில் நின்றார். மாஸ்டருக்கு முன் அதோடு நிற்பது அவருக்கு ஏற்றத்தைவிடப் பெரிய வேதனை. ஒரு கையால் சட்டையைக் கீழே இழுத்துவிடப் பார்த்தார். அந்தச் சட்டையில் இழுக்கும் அளவுக்குத் துணி இல்லை.

“ஏன்டா இறங்கினனீ?” என்றார் மாஸ்டர்.

“நீங்கள் நிண்டனீங்கள், சேர்.”

மாஸ்டர் மஃப்ளரைத் தளர்த்தினார். காற்று அடித்தது. பிறகு, “நான் போறன், நீ ஏறு” என்று சொல்லி வீதியைக் கடந்து மறுபக்கம் போனார். அந்தச் சாய்வில் சைக்கிளில் மறுபடி ஏறுவது லேசான காரியமல்ல. இரண்டு தரம் சறுக்கி மூன்றாவது தரம் ஏறினார். உச்சிக்கு வந்தார். மாஸ்டரும் மூச்சு வாங்கி வாங்கி வந்து சேர்ந்து, வானின் முன்மூடியில் தாளை வைத்து எழுதினார். கால் ஊன்றியது: ஒருதரம். காரணம்: நான். கையெழுத்து.

 வரும் வழியில் மாஸ்டர் கார்லைல் வரை சைன், கொசைன் பற்றிப் பேசினார்.

கழகம் ஒரு மாதத்துக்குள் பதில் போட்டது: சாட்சித்தாளின்படி மூன்றாவது ஏற்றத்தில் கால் ஊன்றப்பட்டுள்ளது, சான்றிதழ் வழங்க இயலாது, விரும்பினால் மேன்முறையீடு செய்யலாம். தங்கை கராஜைப் பூட்டித் திறப்பைக் கைப்பையில் போட்டாள். அடுத்த ஞாயிறு மச்சான் பார்க்குக்குப் போனார். ஐந்து பெண்களின் தண்ணீர்ப் போத்தல்களையும் சுமந்துகொண்டு பின்னால் நடந்தார் என்று கேள்வி.

உபகுழுவில் விவாதம் சூடாக நடந்தது. பெலக் நா பாவின் புள்ளியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதுதான் விவாதம். மச்சானைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வாத்தியார் நிற்கக்கூடிய ஏற்றம் கடினமான ஏற்றம் என்றார் கணக்காளர். இடையில் இளைப்பாற வசதியுள்ள ஏற்றம் இலகுவானது என்றார் பல்வைத்தியர்.

நான் மேன்முறையீட்டுப் படிவத்தோடு குட்மேய்ஸுக்குப் போனேன். எனக்கு அது வெல்லக்கூடிய வழக்காகத் தெரிந்தது. உட்பிரிவு மூன்று. வேறு ஏதேனும் தடை. மிதிப்பவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது. கண்டதும் இறங்கும் பழக்கம் அவருடைய கட்டுப்பாட்டில் இல்லை. மாஸ்டர் யாருடைய கட்டுப்பாட்டிலும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. “தடையின் வகையை விவரிக்கவும்” என்ற பெட்டியில், “ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஒருவர்” என்று என் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தேன். மச்சான் கீழே கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.

அவர் கடையில் வெண்டிக்காயை அடுக்கிக்கொண்டே வாசித்தார். பேனையை வாங்கவில்லை.

“இதிலை ஆடு, மாடு, மான் எண்டு கிடக்கு. அதுக்குப் பிறகு சேரை எழுதியிருக்கிறியள்.”

“அது சட்டபூர்வமான வகைப்படுத்தல், காணும். அவரை ஆடு எண்டு யாரும் சொல்லேல்லை.”

“அவர் என்னை மறிக்கேல்லை. நானாத்தான் இறங்கினனான். என்ரை வாத்தியாரைத் தடை எண்டு எழுதி நான் சைக்கிள் ஓட ஏலாது, மச்சான்.”

பார்க்கை நினைத்துப் பாரும் என்றேன். வெண்டிக்காயை அடுக்கி முடித்துவிட்டு, நினைக்காத நாள் இல்லை என்றார். முப்பது வருட உத்தியோகத்தில் நான் பலவிதமான மேன்முறையீட்டாளர்களைக் கண்டிருக்கிறேன். கடிதத்தில் தாயைச் சாகடித்தவர்கள் உண்டு, ஒரே தாயை இரண்டு தண்டங்களுக்குச் சாகடித்தவர்களும் உண்டு. வெல்லக்கூடிய காரணத்தை மரியாதைக்காக வேண்டாம் என்றவர் இவர் ஒருவர்தான். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விஷயம் மாஸ்டரின் காதுக்கு எட்டியது. எங்கள் ஆட்களிடையே எட்டாமல் போனால்தான் அதிசயம்; கடைசியாக எட்டும் இடம் சொந்த வீடு. படிவத்தோடு எல்லாரையும் கோலியர்ஸ் வுட்டுக்கு வரச் சொல்லி மகள் மூலம் தகவல் அனுப்பினார். எல்லாரும் என்றால் தங்கையும் சேர்த்து.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் போனோம். மாஸ்டர் சமையலறை மேசையில் கண்ணாடியோடு காத்திருந்தார். நாங்கள் அறைக்குள் நுழைந்ததும் மச்சான் ஓரமாக நின்றார். இரு என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் இருந்தார். மாஸ்டர் படிவத்தை வாசித்தார். “ஆசிரியர், ஒருவர்” என்பதில் “ஒருவர்” அவசியமில்லை, ஒருமை தெளிவு என்றார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

“நான் ரோட்டிலை நிண்டனானோ இல்லையோ?”

“நிண்டனீங்கள், சேர்.”

“நான் நிக்காட்டி நீ இறங்கியிருப்பியோ?”

“இல்லை, சேர்.”

“அப்ப நான் தடை. இதிலை என்ன மரியாதைக் குறைவு? நாப்பது வருஷம் உங்களை மாதிரியான ஆக்களுக்குத் தடையா நிண்டுதானே சம்பளம் எடுத்தனான். போடு கையெழுத்தை.”

வாத்தியார் சொன்னபிறகு மறுக்க மச்சானுக்கு வழியில்லை. போட்டார். 

தங்கை அதுவரை மகள் கொடுத்த தேநீரைத் தொடாமல் இருந்தாள். என்ன நடந்தது என்பதை அவள் முழுதாகக் கேட்டது அன்றுதான். கழகம் சான்றிதழ் தரவில்லை, கால் ஊன்றிவிட்டார் என்பது மட்டுமே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை, களைத்து விழுந்திருப்பார், மறைக்கிறார் என்றே நினைத்திருந்தாள். இப்போது மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“சேர், உங்களைக் கண்ட உடனை நிண்டவரோ? இல்லாட்டிக் கொஞ்சம் போய் நிண்டவரோ?”

“உடனை, பிள்ளை. சில்லு அரை வட்டம் சுத்தேல்லை.”

“உச்சி கிட்டத்தானே?”

“கண்ணுக்கு முன்னாலை.”

அவள் என்னைப் பார்த்தாள். நீங்களும் கண்டீர்களா என்பது அந்தப் பார்வையின் கேள்வி. ஓம் என்றேன். அவள் தேநீரைக் குடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு, கணவரைப் பார்க்காமல், மேசையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

“இந்த மனிசனுக்கு இறங்கத் தெரியாது எண்டுதான் நான் பயந்தனான்.”

 மாஸ்டரின் மகள் இன்னும் கொஞ்சம் தேநீர் போடவா என்று கேட்டார்.

காரில் திரும்பும்போது தங்கை கைப்பையைத் திறந்து கராஜ் திறப்பை எடுத்து அவர் மடியில் வைத்தாள். நெஞ்சு இறுகினால் ரோட்டில் மாஸ்டர் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் புதிய நிபந்தனை. அவர் சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, லெக்டில் நெஞ்சு இறுகியது, இறங்கவில்லை என்பதையும் சொன்னார். அவள் திறப்பைத் திருப்பி எடுக்கவில்லை. அது தனக்குத் தெரியும் என்றாள்; அன்று தொலைபேசியில் நாங்கள் இருவரும் வெயிலைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியபோதே தெரியும் என்றாள். நான் பாதையைப் பார்த்துக் காரை ஓட்டினேன்.

சான்றிதழ் இனித் தேவையில்லை. ஆனாலும் மேன்முறையீட்டை அனுப்பினேன். கையெழுத்திட்ட படிவம் ஒன்றை அனுப்பாமல் வைத்திருக்க என்னால் முடியாது. பதினான்கு நாளில் பெற்றதாக அறிவிப்போம் என்று விதி சொன்னது, அறிவிக்கவில்லை. நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினேன். அதற்குள் மச்சான் ஞாயிறுகளில் சரே மலைகளில் ஏறினார். ஒவ்வோர் ஏற்றத்திலும் எங்காவது ஓரிடத்தில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பதாக அவரோடு ஓடும் வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னார். அங்கே பார்க்க எதுவும் இல்லையே என்று அவருக்கு ஆச்சரியம்.

உபகுழுவும் ஒருவழியாக அவரிடம் அபிப்பிராயம் கேட்டது. மூன்றில் எது கடினம்? லெக்ட் என்றார். காரணம் கேட்டார்கள். அதில் இறங்க ஒரு சாட்டும் கிடைக்கவில்லை என்றார். கணக்காளருக்கு அதை அட்டவணையின் எந்த நிரலில் போடுவது என்று தெரியவில்லை. இது ஒப்பீடு அல்ல, தனிப்பட்ட கருத்து என்று பதிவு செய்தார்கள்.

கழகத்தின் பதில் என் வீட்டுக்கு வந்தது, இரண்டாம் வகுப்பு முத்திரையோடு. நன்றாக எழுதப்பட்ட கடிதம். ஓய்வுபெறாமல் இருந்திருந்தால் நானே எழுதியிருப்பேன். ஆசிரியர் ஒருவர் உட்பிரிவு மூன்றின் கீழ் தடையாகக் கொள்ளப்படலாம் என்பதைச் செயற்குழு பெரும்பான்மையால் ஏற்கிறது. ஆயினும் ஆடு, மாடு, மான் ஆகியவை தாமாகவே பாதைக்கு வருபவை; மேற்படி தடையோ, படிவத்தில் தெரிவிக்கப்பட்டபடி, மேன்முறையீட்டாளரின் சொந்த வாகனத்தில் லண்டனிலிருந்து ஏற்றிவரப்பட்டு அங்கே இறக்கப்பட்டது. தாமே கொண்டுவந்த தடை, கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட தடை ஆகாது. மேன்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. திகதி: 2009 டிசம்பர் 11.